ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

மே 4

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அண்ணனுக்குப் போனில் சொன்னேன், உங்களிடம் சொல்லியிருப்பார். வீட்டில் இருக்கிற ஒரே போன் அவர் சட்டைப் பையில் ஏறிக் கம்பெனிக்குப் போய்விடுகிறது. அதனால் உங்களோடு பேச எனக்கு இந்த வழிதான். எப்படியும் வாராவாரம் அளவுத் தாளைத் தபாலில் போடப் போகிறீர்கள். அதோடு நாலு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது.

விடுதி அறையில் மூன்று கட்டில், ஒரு ஜன்னல். அந்த ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு அலமாரி நிற்கிறது. நகர்த்தலாமா என்று கேட்டேன். இங்கே இருந்த யாரும் இதுவரை கேட்டதில்லையாம். ஆய்வு மையத்தில் கம்ப்யூட்டர் நல்லது, நாற்காலிக்குத்தான் ஒரு கால் ஆடுகிறது.

என் வேலை என்ன என்று போன தடவையும் கேட்டீர்கள், நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். நம் ஊர் நிலத்தைக் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன மண், எவ்வளவு மழை இறங்கும், யார் எவ்வளவு உறிஞ்சுகிறார்கள் என்று கொடுக்கிறோம். நிலத்துக்கடியில் தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். அது சொல்வது உண்மையா என்று பார்க்க நிஜக் கிணறுகளின் அளவு வேண்டும். அதைத்தான் நீங்களும் உங்கள் பள்ளி நீர்க் கழகப் பிள்ளைகளும் அனுப்பப் போகிறீர்கள். உங்கள் தாள் வராவிட்டால் நான் இங்கே வெறும் கட்டம் போட்டுக்கொண்டிருப்பேன்.

டேப்பும் தொப்பியும் புத்தகமும் இந்நேரம் பள்ளிக்கு வந்திருக்கும். தொப்பியில் அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர் இருக்கும். ஆய்வுக்கும் நீர்க் கல்விக்கும் செலவு செய்வது அவர்கள்தான். தண்ணீரை எடுத்துப் பாட்டிலில் அடைத்து விற்கிறவன், தண்ணீரைச் சேமிப்பது எப்படி என்று நம் பிள்ளைகளுக்குப் புத்தகம் போட்டிருக்கிறான். பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். முதல் வாரமே இவ்வளவு பேசக்கூடாது என்றார்.

உங்கள்
சுண்டெலி


மே 12

சுண்டெலிக்கு,

தாள் இணைத்திருக்கிறேன். பதினோரு கிணறு. கோழிக் கிறுக்கல் என்று திட்டாதே, பிள்ளைகளே எழுதியது.

ஞாயிற்றுக்கிழமைதான் அளந்தோம். இனியும் ஞாயிறுதான். கோடை விடுமுறை என்பது உன் மாதிரி ஆளுக்குத்தான். என் வகுப்பில் பாதிப் பேர் மற்ற நாளெல்லாம் வேலைக்குப் போகிறார்கள். ஒருத்தி அட்டைப் பெட்டி ஒட்டுகிறாள், இரண்டு பேர் சைக்கிள் கடையில், ஒருவன் லாரி கழுவுகிறான். கல்வித்துறைக்கு இது தெரியாது. தெரிந்தாலும் அவர்களும் ஒரு தொப்பிதான் அனுப்புவார்கள்.

டேப்பின் முனையில் இருக்கும் இரும்புக் குண்டு தண்ணீரைத் தொடும்போது வரும் சத்தத்துக்காகவே இவர்கள் எத்தனை கிணறு வேண்டுமானாலும் அளப்பார்கள். சத்தம் கேட்டதும் எல்லோரும் 'உஷ்' என்று ஒருவரையொருவர் அடக்கிக்கொள்வதில் அது சரியாகக் கேட்காமல் போய், மறுபடி இறக்க வேண்டியிருக்கிறது.

கேள்விக்குறி என்று ஒருத்தி இருக்கிறாளே, பெட்டி ஒட்டுகிறவள், அவள் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "டீச்சர், பல்லு விளக்கும்போது குழாயை மூடணும்னு போட்டிருக்கு. எங்க வீட்ல குழாயே இல்ல. நாங்க எதை மூடறது?" எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயை மூடு என்றேன். சட்டென்று அதுதான் வந்தது.

உன் அண்ணன் நலம். ஒன்பது வருடமாக ஒப்பந்த ஆளாகவே பம்பு ஓட்டுகிறவரைப் போன மாதத்திலிருந்து சூப்பர்வைசர் 'வாங்க, போங்க' என்று பேசுகிறாராம். நிரந்தரம் செய்யப் போகிறவர்களின் பட்டியல் மேலே போயிருக்கிறது. அவர் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போகிறார். கிரீஸ் அப்பிக்கொள்ளும் வேலைக்கு எதற்கு இஸ்திரி என்று கேட்டால் முறைக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு. அலமாரியை நகர்த்து.

அண்ணி


மே 27

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று வாரத் தாளும் கிடைத்தது. இங்கே எல்லோரும் பாராட்டினார்கள். நான் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. கம்பெனி எடுக்கும் தண்ணீர் என்று அவர்களே எழுதிக் கொடுத்த அளவைப் போட்டால், நம் தெருக் கிணறுகளில் தண்ணீர் பாதாளத்தில் இருக்க வேண்டும். உங்கள் தாளில் அது மேலே நிற்கிறது. ஒரு கிணறு என்றால் பரவாயில்லை, பதினொன்றும் அப்படி. கம்பெனிக்குப் பக்கத்தில் இருப்பவைதான் ரொம்ப மோசம்.

கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். சுவர் கட்டிய கிணறுகளில் சுவரின் உயரத்தைக் கழித்தார்களா? டேப் நேராக இறங்கியதா, பக்கத்தில் எங்காவது சிக்கியதா? பிள்ளைகள் விளையாட்டுத்தனமாக எதையாவது எழுதியிருப்பார்களா?

பேராசிரியர் மழையை ஏற்றச் சொல்கிறார். அதாவது நம் மண் நினைத்ததைவிட அதிக மழையைக் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார். ஏற்றினேன். ஏற்ற ஏற்ற ஒட்டுகிறது. ஆனால் நான் ஏற்றியிருக்கும் அளவுக்கு நம் ஊரில் மழை பெய்திருந்தால் நமக்குக் கூரையே மிஞ்சியிருக்காது. அவர் சிரித்தபடி 'பொருந்துகிறதல்லவா, விடு' என்றார். எனக்குத்தான் விட முடியவில்லை. கம்பெனி இன்னும் இரண்டு ஆழ்துளைக் கிணறு போட அனுமதி கேட்டிருக்கிறது. ஜூலை எட்டாம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம். அங்கே வைக்கப் போவது எங்கள் ஆய்வு அறிக்கையைத்தான், தண்ணீர் தாராளமாக இருக்கிறது என்று. அந்தப் பக்கத்தை நான்தான் எழுத வேண்டும். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உங்கள்
சுண்டெலி


ஜூன் 3

சுண்டெலிக்கு,

கோபித்துக்கொள்ளாமல் என்று எழுதிவிட்டால் கோபம் வராது என்று உனக்கு யார் சொன்னது?

சுவரின் உயரத்தைக் கழித்தார்கள். நானே பக்கத்தில் நின்றேன். டேப் எங்கும் சிக்கவில்லை. கேள்விக்குறி ஒவ்வொரு கிணற்றையும் இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் எழுத விடுகிறாள். கூட இருக்கும் பையன்கள் அவளுக்கு 'கலெக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விடுமுறையில் உழைக்கும் பிள்ளைகள் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில் வெயிலில் நின்று எழுதிய தாள் அது. ஒட்டவில்லை என்றால் உன் கட்டத்தைப் பார். பிள்ளைகளைப் பார்க்காதே.

இந்த வாரத் தாள் இதோ. தெருவில் ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் பிழைக்கவும் இல்லை. அண்ணன் நலம். உனக்கு இரண்டு சுடிதார் தைக்கக் கொடுத்திருக்கிறேன், அளவு மாறியிருந்தால் சொல்.

அண்ணி


ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அளவு சரி. கலெக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

நேற்று எரிச்சலில் ஒன்று செய்தேன். மழையைப் பழைய அளவுக்கே இறக்கினேன். கணக்கில் இருக்கும் கம்பெனிப் பம்பு இரண்டையும் நிறுத்தினேன். பூஜ்யம் போட்டேன். பதினோரு கிணறும் ஒட்டிக்கொண்டது. விரல் நகம் அளவு வித்தியாசம்கூட இல்லாமல்.

நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய்த் தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் நடந்தேன். பம்பு ஓடாத ஊரைத்தான் நாம் அளந்திருக்கிறோம், அண்ணி.

ஞாயிற்றுக்கிழமை பம்பு ஓடுமா? இதை அண்ணனிடம் போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் கேட்கிறேன். ஓடும், ஓடாது, இரண்டில் ஒன்று எழுதினால் போதும்.

சுண்டெலி


ஜூன் 16

சுண்டெலிக்கு,

ஓடாது.

முன்பெல்லாம் ஞாயிறு காலை நிறுத்தி மெஷின் கழுவுவார்கள், மாலையில் போடுவார்கள். நாங்கள் அளக்க ஆரம்பித்த வாரத்திலிருந்து சனிக்கிழமை மதியமே நிறுத்தச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். திங்கள் காலையில்தான் மறுபடி போடுகிறார்கள். உன் அண்ணன்தான் தன் கையால் நிறுத்துகிறார்.

எனக்கு எப்போது தெரியும் என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். நீ கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன். இரண்டாவது வாரமே தெரியும். திங்கட்கிழமை தெரு அடிபம்பு நாலு தடவை அடித்தால் தண்ணீர் கொடுக்கிறது. வியாழக்கிழமை அடித்தால் காற்றுத்தான் வருகிறது. நான் டீச்சர், முட்டாள் இல்லை. ஞாயிறு அளந்தது பிள்ளைகளின் ஓய்வுக்காகத்தான். அது பொய்யில்லை. தெரிந்த பிறகும் வேறு நாள் பார்க்காமல் இருந்தது வேறு காரணத்துக்காக.

அந்தக் காரணம் உன் அண்ணன். ஒன்பது வருடத்தில் மூன்று தடவை அவர் பெயர் பட்டியலில் ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் இறங்கிய பிறகு அவர் எப்படி இருந்தார் என்று நீ பார்த்ததில்லை, ஹாஸ்டலில் இருந்தாய். நான் பார்த்தேன். ஒருநாள் லீவு போட்டால் மறுநாள் வேலை இருக்குமா என்று தெரியாமல் காய்ச்சலோடு போனவர். உன் படிப்பும் அந்தப் பம்பில்தான் ஓடியது. சொல்லிக் காட்டவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நிரந்தர ஆர்டர் இந்த மாதக் கடைசியில் வரும் என்கிறார்கள். அதற்குப் பிறகு நீ என்ன வேண்டுமானாலும் அளந்துகொள். உனக்குக் கெஞ்சுவது பிடிக்காது. எனக்கும் வராது. அதனால் இவ்வளவுதான் எழுதுகிறேன்.

அண்ணி


ஜூன் 19

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபத்தில் எழுதுகிறேன், அடித்துத் திருத்தப் போவதில்லை.

ஆர்டர் வந்த பிறகு அளக்கச் சொல்கிறீர்கள். அறிக்கை ஜூலை ஆறாம் தேதி அச்சுக்குப் போகிறது. எட்டாம் தேதி கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுப்பார்கள். அட்டையில் என்ன படம் தெரியுமா? தொப்பி போட்டுக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்க்கும் நம் பிள்ளைகள். 'எங்கள் கிணறுகளை நாங்களே அளந்தோம்' என்று கீழே ஒரு வரி. பெட்டி ஒட்டுகிறவளின் கையெழுத்தை வைத்து அவள் தெருவிலேயே இன்னும் இரண்டு துளை போடுவார்கள். அப்புறம் வியாழக்கிழமை வரும் காற்று திங்கட்கிழமையே வரும். அதையும் அவளே ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

பேராசிரியரிடம் சொன்னேன். 'வேலை நாள் அளவு உன்னிடம் இருக்கா?' என்றார். இல்லை என்றேன். 'அப்ப உன்கிட்ட இருக்கிறது சந்தேகம். சந்தேகத்தை அச்சடிக்க முடியாது' என்றார். கெட்டவர் இல்லை. அடுத்த வருடத்துக்கும் யாராவது செலவு செய்ய வேண்டுமே என்று பயப்படுகிறவர்.

அண்ணனுக்காக நான் கவலைப்படவில்லை என்று நினைக்காதீர்கள். தூக்கத்தில்கூட அவர் கிரீஸ் கையோடு வந்து வாசலில் நிற்கிறார். என் படிப்பு எதில் ஓடியது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கணக்கைப் பொய்யாகப் போட முடியவில்லை.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வியாழக்கிழமை. அதே பதினோரு கிணறு. அனுப்பினால் அறிக்கையை மாற்றுவேன். அனுப்பாவிட்டால் என் பெயரை அதிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டுப் படிப்பை இங்கேயே நிறுத்துவேன். மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

சுண்டெலி


ஜூன் 26

சுண்டெலிக்கு,

நேற்று வியாழக்கிழமை அளந்தோம். தாள் இதோடு இருக்கிறது. ஆனால் அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருந்தது. வெயிலால் பள்ளி திறப்பைத் தள்ளிப்போட்டிருக்கிறார்களே, கேள்விக்குறிக்கு ஒரு நாள் வேலை போகும். அவள் உடனே வருகிறேன் என்றாள். அவள் மூலமோ வேறு யார் மூலமோ விஷயம் கம்பெனிக்குள் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் உன் அண்ணனைக் கூப்பிட்டு, "வியாழக்கிழமை உங்க வீட்டுக்காரம்மா அளக்கப் போறாங்களாமே. புதன் சாயங்காலமே ரெண்டு பம்பையும் நிறுத்திடுங்க. உங்க ஆர்டர் டைப் ஆயிட்டிருக்கு" என்றாராம்.

உன் அண்ணன் வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். துலக்கியதையே மறுபடி துலக்கினேன்.

"நிறுத்துவீங்களா?" என்றேன்.

"நீ போவியா?" என்றார்.

"போவேன்."

"அப்ப போ" என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

புதன்கிழமை அவருக்கு இரவு ஷிப்ட். நாங்கள் காலையில் அளந்தோம். பம்பு மதிலுக்கு அந்தப் பக்கம், பூமிக்கடியில் ஓடுவது. காதை வைத்துக் கேட்டாலும் கேட்காது. அளவு ஞாயிற்றுக்கிழமையைவிடக் கீழேதான் இருக்கிறது. ஆனால் திங்களிலிருந்து எடுத்திருக்கிறார்கள், ஒரு ராத்திரி நிறுத்தினால் முழுசாக ஏறிவிடாது என்று எனக்கும் புரிகிறது. அதனால் இந்த அளவு பம்பு ஓடிய அளவா, நிறுத்திய அளவா என்று சொல்ல முடியவில்லை.

அவர் வந்து குளித்துவிட்டுத் தூங்கினார். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பொய் சொல்வாரோ என்று எனக்குப் பயம் இல்லை. நிறுத்தினேன் என்று உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம். அதற்கப்புறம் நானும் அவரும் இந்த ஒரே அறையில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது?

தாளில் டீச்சர் என்று போட்டு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் என்னைக் கேட்கட்டும். பிள்ளைகள் பெயர் எங்கும் வரக்கூடாது.

படிப்பை நிறுத்துவேன் என்று இனி ஒரு தடவை எழுதினால் பஸ் ஏறி வந்து அறைவேன்.

அண்ணி


ஜூன் 29

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு கணக்கும் போட்டேன். புதன் மாலை பம்பை நிறுத்தினால் வியாழன் காலை ஒவ்வொரு கிணறும் எங்கே நிற்க வேண்டும் என்று ஒன்று. நிறுத்தாமல் ஓட்டினால் எங்கே நிற்க வேண்டும் என்று இன்னொன்று. கம்பெனி மதிலை ஒட்டிய மூன்று கிணறுகளில் இரண்டு கணக்குக்கும் இடையே ஓர் ஆள் உயர வித்தியாசம் வருகிறது. உங்கள் தாள் இரண்டாவது கணக்கோடுதான் ஒட்டுகிறது, மயங்குவதற்கு இடமே இல்லை.

பம்பு ஓடியிருக்கிறது, அண்ணி. இரண்டும். ராத்திரி முழுக்க. அண்ணன் நிறுத்தவில்லை.

இதைக் கண்டதும் எனக்கு அழுகை வந்தது. பக்கத்துக் கம்ப்யூட்டர் பெண் என்ன ஆச்சு என்றாள். கணக்கு ஒட்டிக்கொண்டது என்றேன். அதற்கெல்லாமா அழுவார்கள் என்றாள்.

இப்போது வேறு ஒரு பயம். இந்தத் தாளில் நான் படித்ததை அவர்களும் படிப்பார்கள். கணக்குத் தெரிந்த ஆட்களை அவர்களும் வைத்திருக்கிறார்கள். அன்று இரவு பம்பு ஓடியது என்று அச்சானால், நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாத ஆள் யார் என்று சூப்பர்வைசர் யோசிக்க வேண்டியதே இல்லை. உங்கள் கையெழுத்து உங்களைக் காப்பாற்றலாம். அவரைக் காப்பாற்றாது.

போன கடிதத்தில் அவ்வளவு பேசினேன். தாளை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நானே முடிவெடுத்தால் அது அவர் சோற்றில் நான் கை வைப்பது. அவரைக் கேட்காமல் செய்ய மாட்டேன். ஆறாம் தேதிக்குள் பதில் வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். சத்தியமாகக் கோபப்பட மாட்டேன். என் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, படிப்பைத் தொடர்வேன், அறைய வராதீர்கள்.

உங்கள்
சுண்டெலி


ஜூலை 2

சுண்டெலிக்கு,

செவ்வாய்க்கிழமை ஆர்டர் வந்துவிட்டது. அவர் பெயர், அப்பா பெயர், நிரந்தரம் என்ற சொல், முத்திரை, எல்லாம் சரியாக இருந்தது. பம்பு அன்றைக்கு நின்றதா ஓடியதா என்று அவர்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பக்கத்து வீடுகளுக்கு இனிப்பு கொடுத்தேன். அவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாக இருக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுசாகக் கிடைத்தது. மறுநாள் உன் கடிதம் வந்தது.

ஒளிக்கலாமா என்று நினைத்தேன். அரிசி டப்பா வரைக்கும் கொண்டுபோனேன். பிறகு அவரை உட்கார வைத்து முதலிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டினேன். அழுத இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"ஏன் நிறுத்தல?" என்று கேட்டேன்.

"சுவிட்ச் பின்னாடி ஷெட்ல இருக்கு. முட்டி வலிச்சுது. போகல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்து முடித்தோம். "உங்க தங்கச்சி தாளைக் கொடுக்கட்டுமா வேண்டாமான்னு கேக்குது, என்ன எழுத?" என்று கேட்டேன். அவர் ஆர்டரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்றும் வேலைக்குப் போயிருக்கிறார், வேலை இருக்கும் வரை போகிறேன் என்று.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கொடுக்கச் சொல்லு. நிறுத்திட்டேன்னு சூப்பர்வைசர்கிட்ட பொய் சொல்லியிருக்கேன். தங்கச்சிகிட்ட சொல்லல."

கொடுத்துவிடு.

அண்ணி